மிளகுக் கொடிக்கு யார் ஜாமீன்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மிளகைப் பற்றிய பதிவு. மிளகாய் இல்லை, மிளகு. பொங்கலில் இருந்து பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறார்களே, அதே மிளகு.

புனேயோ டெல்லியோ மஸ்கட்டோ, எங்கே குடித்தனம் வைத்தாலும் நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியில் மிளகுக்கு ஒரு குழி நிச்சயம் உண்டு. சளி பிடித்தால் மிளகு ரசம், தொண்டை கட்டினால் பாலில் மிளகுப்பொடி. பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்று பழமொழியே இருக்கிறது. அவ்வளவு ஏன், அமெரிக்கக் கண்டத்தில் இருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த மிளகாய்க்கே நாம் மிளகின் பெயரைத்தான் வைத்தோம். மிளகு போல உறைக்கும் காய், மிளகாய்.

ஆனால் இந்த மிளகைக் கொடியில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? இருபத்தேழு வயது வரை நானும் பார்த்ததில்லை. நான் பி.காம். ஆசாமி. என் படிப்பில் பிளான்ட் என்றால் 'பிளான்ட் அண்ட் மெஷினரி'தான். வருஷத்துக்கு இத்தனை சதவீதம் தேய்மானம் போட்டால் கதை முடிந்தது :-) அப்படிப்பட்டவனை வங்கி 2006இல் வயநாட்டில், புல்பள்ளி பக்கம் ஒரு கிராமக் கிளைக்கு விவசாயக் கடன் பார்க்க அனுப்பியது. மூன்று வருஷம் இருந்தேன். அதற்குப் பிறகு ராஞ்சி, நாக்பூர், இப்போது போபால் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டே இருக்கிறேன். எத்தனை ஊர் மாறினாலும் அந்த மூன்று வருஷம் மறக்கவில்லை. காரணம் இந்தக் கொடிதான்.

*

மிளகுக் கொடியை முதலில் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது வெற்றிலை. அதே இதய வடிவ இலை, அதே பளபளப்பு, கணுவுக்குக் கணு வேர்விட்டு மரத்தைப் பிடித்து ஏறும் அதே பழக்கம். காரணம் இல்லாமல் இல்லை. இரண்டும் ஒரே குடும்பம், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். திப்பிலியும் வால்மிளகும்கூட அந்தக் குடும்பம்தான். சுக்கு, மிளகு, திப்பிலி என்கிற திரிகடுகத்தில் இரண்டு பேர் ஒரே வீட்டுக்காரர்கள். ஆங்கிலத்தில் பெப்பர் என்கிறார்களே, அந்தச் சொல்லே பிப்பலியில், அதாவது திப்பிலியின் பெயரில் இருந்து போனதுதான்.

எனக்குச் சொந்த ஊர் சோழவந்தான் பக்கம். இப்போது புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலைக்குப் பேர்போன ஊர். எங்களுக்குச் சொந்தமாகக் கொடிக்கால் இல்லை என்றாலும் கொடிக்கால் வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போனவன் நான். அங்கே முதலில் வெற்றிலையை நட மாட்டார்கள். அகத்தியை விதைப்பார்கள். அகத்தி எழும்பி நின்ற பிறகுதான் வெற்றிலைக் கொடியை நட்டு அதில் ஏற்றிக் கட்டுவார்கள். சின்ன வயதில் அகத்தி என்றால் துவாதசிக் கீரை என்பதற்கு மேல் நான் யோசித்ததில்லை. அகத்தி விழுந்தால் வெற்றிலையும் விழும் என்பதை வயநாட்டில்தான் யோசித்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கும் என் மகள் சமீபத்தில் ஒரு விஷயம் சொன்னாள். நாம் படித்த காலத்தில் பூக்கும் தாவரம் என்றால் ஒருவித்திலை, இருவித்திலை என்று இரண்டே பிரிவு. நெல், வாழை, தென்னை ஒரு பக்கம். மா, முருங்கை, மல்லிகை இன்னொரு பக்கம். 1990களின் கடைசியில் மரபணுவை வைத்து ஆராய்ந்தபோது இந்த இரண்டு கட்டத்துக்குள்ளும் அடங்காத பழைய கிளைகள் சில தனியாக நின்றன. மிளகு அப்படிப்பட்ட ஒரு கிளை. அதே கிளையில் யார் யார் என்று கேளுங்கள்: செண்பகம், பட்டை, ஜாதிக்காய், சீத்தாப்பழம்! அதைவிடப் பழைய கிளை ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காட்டில் ஆஸ்ட்ரோபெய்லியா என்று ஒரு கொடி. பூவில் அழுகிய மீன் வாடை அடிக்கும், ஈக்கள்தான் விருந்தாளி. அந்தக் கிளையின் சொந்தக்காரர் ஒருவர் நம்ம பிரியாணிக்குள் இருக்கிறார், அன்னாசிப்பூ. "மசாலா டப்பாவைத் திறந்தா பாதி பேர் டைனோசர் காலத்து வம்சம்ப்பா" என்றாள் மகள். தங்கமணி அன்று குருமா வைக்கும்போது கொஞ்சம் மரியாதையாகவே டப்பாவைத் திறந்தாள்.

மிளகுப் பூவைப் பார்த்தால் பூ என்றே சொல்ல மாட்டீர்கள். இதழ் கிடையாது, புல்லிவட்டம் கிடையாது. விரல் நீளத்துக்குப் பச்சையாக ஒரு சரம் தொங்கும். விளக்குத் திரி போல இருப்பதால் அங்கே அதற்குத் திரி என்றே பெயர். அதில் ஊசிமுனை அளவில் பூக்கள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். தேனீயையும் வண்டையும் இது பெரிதாக நம்புவதில்லை. திரியின் மேல் பக்கத்தில் இருந்து பூ விரிந்துகொண்டே வரும். அதன் மேல் வழியும் மழைநீர் மகரந்தத்தைக் கீழே கீழே இறக்கிக் கொடுக்கும். மழைதான் தரகர். பூக்கும் நேரத்தில் மழை நீண்ட இடைவெளி விட்டால் அந்த வருஷம் திரியில் மணி பிடிப்பது குறைந்துவிடும். ஜூன், ஜூலையில் பூத்தால் பறிக்க டிசம்பர், ஜனவரி ஆகிவிடும். பறித்து வெயிலில் காயப்போட்டால் பச்சை நிறம் போய்க் கறுத்துச் சுருங்கி நமக்குத் தெரிந்த மிளகாகும். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ.

*

இந்தக் கொடியின் சொந்த வீடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு. இங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போனது. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது ஒரு கோயில் முற்றத்தில் இந்தியச் சாடி ஒன்று கிடைத்தது. உள்ளே ஏழரைக் கிலோ மிளகு. இரண்டாயிரம் வருஷம் பழசு. நம்ம அகநானூற்றின் 149ஆம் பாடலில் யவனர் கப்பல்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தி இருக்கிறது. அந்தக் காலத்தில் மிளகுக்குக் கறி என்று பெயர்.

வங்கிக்காரனாக எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒரு கிழிந்த தாள். முசிறிப் பாப்பிரஸ் என்பார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது, 1985இல் வெளியிட்டார்கள். என்னவென்று பார்த்தால்... கடன் பத்திரம்! முசிறி வியாபாரத்துக்குக் கடன் வாங்கிய ஒருவன் எழுதிக்கொடுத்தது. சரக்கைச் செங்கடலில் இருந்து ஒட்டகத்தில் ஏற்றி, நைல் நதி வழியாக அலெக்சாண்டிரியா கொண்டுவந்து, கடன் கொடுத்தவர் முத்திரையின் கீழ் வைப்பேன், தவணை தவறினால் சரக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. மறுபக்கத்தில் எர்மப்போல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. படிக்க முடிகிற பகுதியில் கங்கைக் கரை வாசனைத் தைலப் பொருள், யானைத் தந்தம். ஆக மலபார் சரக்கை அடமானமாக வைத்துக் கடன் கொடுப்பதில் எனக்கு முன்னால் ஒருவர் கிட்டத்தட்ட 1850 வருஷம் சீனியர்.

அந்தப் பத்திரத்தில் கப்பல் இருக்கிறது, ஒட்டகம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. கொடியும் இல்லை, மழையும் இல்லை. கடன் பத்திரங்கள் அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

மழை என்றதும் கேரளத்தில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை. போர்ச்சுக்கீசியர்கள் மிளகுக் கொடிகளைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோகக் கேட்டார்களாம். மந்திரி பதறிக்கொண்டு சாமூதிரி ராஜாவிடம் ஓடினாராம். ராஜா அலட்டிக்கொள்ளாமல், கொடியைத்தானே கொண்டுபோவார்கள், நம்முடைய திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டாராம். ஞாற்றுவேலை என்பது சூரியன் ஒரு நட்சத்திரத்தில் நிற்கும் இரண்டு வாரக் கணக்கு. திருவாதிரை ஞாற்றுவேலை ஜூன் கடைசியில் தொடங்கும். விடாமல் நூல் பிடித்தாற்போல மழை பெய்யும். மிளகுக் கொடி நட அதுதான் நல்ல நேரம்.

கதை நல்ல கதைதான். ஆனால் ராஜா கணக்கில் வியட்நாம் இல்லை. 2000களின் தொடக்கத்தில் வியட்நாம் இந்தியாவை முந்தி மிளகில் உலகத்தில் முதலிடத்துக்குப் போனது. இன்றும் அதுதான் முதலிடம். தண்ணீர் பாய்ச்சி, நிறைய இடங்களில் மரத்துக்குப் பதிலாகக் கம்பத்திலும் சிமெண்ட் தூணிலும் கொடியை ஏற்றி விளைய வைத்தார்கள். 1999 வாக்கில் இங்கே கிலோ 200 ரூபாயைத் தாண்டியிருந்த மிளகு, அடுத்த சில வருஷங்களில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. அதே நேரத்தில் வாட்ட நோய். மழைக்காலத்தில் மண்ணில் பரவும் இந்த நோய் தாக்கினால் நேற்றுப் பச்சையாக நின்ற கொடி இரண்டு மூன்று வாரத்தில் இலையெல்லாம் கொட்டிக் கயிறு போலத் தொங்கும். விலையும் போய்க் கொடியும் போன வயநாட்டில் கடன்பட்ட விவசாயிகள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2006இல் மத்திய அரசு நிவாரணத் திட்டம் அறிவித்த 31 மாவட்டங்களில் வயநாடும் ஒன்று. நான் போய் இறங்கியது அந்த வருஷம்தான்.

*

அங்கே ஒரு பெரியவர். வயது அறுபத்தொன்று. ஊரில் எல்லோரும் அப்பச்சன் என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். இரண்டு ஏக்கர் நிலம். அவரும் அந்த ஊர்க்காரர் இல்லை. திருவிதாங்கூரில் இருந்து 1940கள் தொடங்கி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மலபார் மலைக்குப் பிழைக்க வந்தன அல்லவா, அப்படி வந்தவர். பாலா பக்கத்தில் இருந்து சின்னப் பையனாக அப்பாவோடு வந்தாராம். வந்தபோது ஒரு சாக்கில் மிளகுக் கொடித் துண்டுகளும் வந்தனவாம்.

கடன் புதுப்பிக்க விண்ணப்பம் கொடுத்திருந்தார். இன்ஸ்பெக்ஷனுக்குப் போனேன். எங்கள் படிவத்தில் கொடிகள் எத்தனை, வயது என்ன, கொடிக்கு எத்தனை கிலோ என்று கட்டங்கள் இருந்தன. நான் கொடிகளை எண்ண ஆரம்பித்தேன். அவர், "கொடிக்கு ஒன்னுமில்ல சாரே. தாங்குமரமாணு போயது" என்று மேலே காட்டினார்.

அங்கே பெரும்பாலும் கொடியை முரிக்கு மரத்தில்தான் ஏற்றியிருப்பார்கள். நம்ம கல்யாண முருங்கை. சளிக்கு இலையை அரைத்து அடை சுடுவோமே, அதுதான். போத்து வெட்டி நட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், நல்ல சொரசொரப்பான பட்டை, கொடிக்குப் பிடிமானம். 2005-06 வாக்கில் ஒரு சின்னக் குளவி வந்தது. ஒன்றரை மில்லிமீட்டர்கூட சரியாக இருக்காது. முரிக்கின் தளிரிலும் காம்பிலும் முட்டை வைக்கும். இலை முறுக்கிக்கொண்டு கட்டி கட்டியாக வீங்கும். பிறகு இலை கொட்டும். பிறகு மரமே பட்டுப்போகும். கேரளம் முழுக்க முரிக்கு மரங்கள் அப்படிப் போயின. குளவி மிளகைத் தொடவே இல்லை. ஆனால் பட்ட மரம் மழையில் ஊறி முறிந்து விழும்போது பதினைந்து வருஷக் கொடியும் கூடவே விழுந்தது.

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தாங்குமரத்துக்கு ஒரு கட்டமும் இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதினேன்: தாங்குமரங்கள் 300, பெரும்பாலும் பட்டுவிட்டன.

அப்பச்சன் கேட்டது மிளகுக்குக் கடன் இல்லை, மரத்துக்குக் கடன். முந்நூறு சில்வர் ஓக் வைக்க வேண்டும் என்றார். அந்த மரமும் வெளியூர்தான், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இருந்து தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நிழலாக வந்தது. மண்ணின் கொடிக்கு வந்தேறி மரம்! வீட்டுப் பக்கத்தில் இரண்டு பலாமரத்தில் ஏறியிருந்த கொடிகள் மட்டும் நன்றாக இருந்தன. அவர் அப்பா கொண்டுவந்த கொடியின் வம்சம். அதில் இருந்து துண்டு எடுத்து நாற்று போட்டுக்கொள்கிறேன் என்றார்.

கணக்குப் போட்டோம். சில்வர் ஓக் கொடியைத் தாங்கும் அளவு வளர மூன்று வருஷம். கொடி காய்க்க ஆரம்பிக்க இன்னும் மூன்று வருஷம். நல்ல விளைச்சலுக்கு மேலும் ஒன்றிரண்டு வருஷம். அவர் வயதோடு கூட்டிப் பார்த்தால் எவ்வளவு வருகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

சிக்கல் ஜாமீனில் வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோருடைய கடனும் தவணை தவறி நின்றது. ஒருவருக்கு ஒருவர் போட்ட ஜாமீன் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தது. அப்பச்சனுக்கு இரண்டு பெண்கள். பெரியவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். சின்னவள் டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். 2007 ஜூனில் பத்து நாள் லீவில் வந்தாள். சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு அப்பாவோடு கிளைக்கு வந்தாள். வயது இருபத்தைந்து. நர்சிங் படிக்க வாங்கிய கல்விக் கடனையே அப்போது கட்டிக்கொண்டிருந்தாள்.

ஜாமீன்தாரருக்குப் பத்திரத்தைப் படித்து விளக்க வேண்டும். அப்பா கட்டவில்லை என்றால் நீங்கள் கட்ட வேண்டும் என்று சொன்னேன். "அது எனக்கு அறியாம் சார். இது எத்தற வருஷம்?" என்று கேட்டாள். ஒன்பது வருஷம் என்றேன். விரலை மடக்கி எண்ணினாள். "அப்போ எனக்கு முப்பத்திநாலு" என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

அந்த மாதம் திருவாதிரை ஞாற்றுவேலையில் முந்நூறு கன்றும் நட்டார் அப்பச்சன். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நானும் போய்ப் பார்த்தேன். விரல் பருமனில் முந்நூறு குச்சிகள்.

*

2008இல் விவசாயக் கடன் தள்ளுபடி வந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு ஹெக்டேர் வரை உள்ள விவசாயிகளுக்கு முழுத் தள்ளுபடி. நிபந்தனை: கடன் 2007 மார்ச் 31க்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும், அந்த வருஷம் டிசம்பர் 31இல் தவணை தவறியிருக்க வேண்டும். பட்டியல் போட்டுக் கிளை வாசலில் ஒட்டினோம். அப்பச்சன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் பேரெல்லாம் இருந்தது. அவர் பேர் இல்லை.

உள்ளே வந்தார். தேதியை எடுத்துச் சொன்னேன். மரக்கடன் ஜூனில் வாங்கியது, மார்ச் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஞாற்றுவேல மார்ச்சிலல்லல்லோ வருன்னது, சாரே" என்றார். ஞாற்றுவேலை மார்ச்சில் வருவதில்லையே. அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. அந்த மாத வட்டி டெல்லியில் இருந்து வழக்கம்போல வந்தது.

அந்தத் தள்ளுபடியால் மூச்சுவிட்ட குடும்பங்களை நேரில் பார்த்தவன் நான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தேதிக்கு இந்தப் பக்கம் நின்றவரும் அதே மழையில்தான் நனைந்தார்.

2009இல் எனக்கு மாற்றல் வந்தது. 2016 டிசம்பரில் லீவில் ஊருக்குப் போனபோது குடும்பத்தோடு வயநாட்டுக்கு ஒரு நடை போய்வந்தோம். அப்பச்சன் இரண்டு வருஷம் முன்னால் போய்விட்டிருந்தார். ஒரு நல்ல விளைச்சலைப் பார்த்துவிட்டுத்தான் போனாராம். முந்நூறில் நூற்றெழுபது கொடி நின்றது, மற்றதை வாட்டம் கொண்டுபோயிருந்தது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் துரிசும் சுண்ணாம்பும் கலந்து அடித்துத்தான் இவ்வளவும் காப்பாற்றினோம் என்றார் அம்மச்சி. துரிசு என்றால் மயில்துத்தம். நூறு லிட்டர் தண்ணீருக்கு அது ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ. மிளகு விலை 2015 வாக்கில் 600 ரூபாயைத் தாண்டியிருந்தது. கடன் ஒரு வருஷம் முன்னதாகவே முடிந்துவிட்டது. "வில வந்நு, ஆளு போயி" என்றார் அம்மச்சி.

பெண் இன்னமும் டெல்லிதான். போனில் கூப்பிட்டுக் கொடுத்தார். கல்யாணம் ஆகி ஒரு பையன். கடன் முடிந்த பிறகுதான் கல்யாணமாம். நலம் விசாரித்த பிறகு அவள் கேட்டது: "சார், மரம் இப்போ எவ்வளவு உயரம் இருக்கு?" அவள் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கொடி காய்க்கும் வரை ஆறு வருஷம் அந்தக் கடனுக்கு வட்டி கட்டியவள் அவள்தான். நான் அண்ணாந்து பார்த்து, "உங்க வீட்டு ஓட்டைத் தாண்டி ரெண்டு ஆள் உயரம்" என்றேன்.

*

வெளியூர்த் தமிழர் கூட்டங்களில் நம்மைக் கொடி என்று சொல்லிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். வேற்று மண்ணில் வேற்று மரத்தைப் பற்றிப் படர்ந்தோம் என்பார்கள். கைதட்டும் கிடைக்கும். வயநாட்டுக்குப் பிறகு எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஒவ்வொரு வீட்டுக் கணக்கையும் பார்க்கிற வேலை என்னுடையது. ஊரில் இருக்கிற அப்பா அம்மா, தங்கை கல்யாணம், தம்பி படிப்பு, கண் ஆபரேஷன், ஓட்டு வீட்டுக்கு மேல் ஒரு மாடி, இத்தனையும் யாருடைய சம்பளச் சீட்டில் ஏறி நிற்கிறது என்று பார்த்தால், வெளியூரில் இருக்கிற ஒருவர் தெரிவார். பெரும்பாலும் நாம் கொடி இல்லைங்க, தாங்குமரம்.

இதில் கொடி மேல் குற்றம் ஒன்றும் இல்லை. மிளகு புல்லுருவி அல்ல. பற்றுவேரால் மரத்தைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. சாப்பாட்டை மண்ணில் இருந்துதான் எடுக்கிறது. ஆனால் கொடிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக வருஷா வருஷம் மரத்தின் கிளையைக் கழிப்பார்கள். நன்றாக இருக்கிற கிளையைத்தான். தோட்டத்துக்கு வருகிறவர்கள் திரியைப் பார்ப்பார்கள், மணியைப் பார்ப்பார்கள். மரத்துக்கு என்ன என்று குனிந்து வேரைப் பார்க்கிறவர்கள் குறைவு. குளவி வந்தபோதுதான் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் உறவிலும் அப்படி ஒருவர் இருந்தால், அக்காவோ அண்ணனோ துபாயில் இருக்கும் மாமாவோ, பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்கிற போன் தவிர இன்னொரு போன் போடுங்கள். உடம்பு எப்படி இருக்கு, வேலை எப்படி இருக்கு, உனக்கென்று ஏதாவது சேர்த்து வைத்திருக்கிறாயா என்று கேளுங்கள். ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு வங்கிக்காரனாக ஒரு வார்த்தை: எத்தனை வருஷம் என்று அந்தப் பெண் விரல்விட்டு எண்ணினாளே, அது மாதிரி எண்ணிவிட்டுப் போடுங்கள். பத்திரத்தின் ஒரு நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடன் முடிந்தால் முடிந்தது என்று எழுத்தில் வாங்குங்கள்.

வயநாடு, குடகு என்று எங்கே சுற்றுலா போனாலும், ஏன் நம்ம கொல்லிமலை, ஏற்காடு, தாண்டிக்குடியிலும் மிளகு இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொடியைக் காட்டுங்கள். எந்த மரத்தில் ஏறியிருக்கிறது என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். கடையில் வாங்கும்போது நாலு மிளகைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நன்றாக முற்றிய மிளகு மூழ்கும், கலப்படமாகச் சேர்க்கும் பப்பாளி விதை மிதக்கும்.

எங்கள் வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை. வருஷா வருஷம் பிப்ரவரியில் புல்பள்ளியில் இருந்து அம்மச்சி ஒரு கிலோ மிளகு பார்சல் அனுப்பிவிடுகிறார். காசு அனுப்பினால் வாங்க மாட்டார். தங்கமணி பதிலுக்கு முறுக்கும் அதிரசமும் அனுப்புகிறாள், ஒரு டப்பா அங்கே, ஒரு டப்பா டெல்லிக்கு. போபாலில் நேற்று நல்ல மழை. மிளகு ரசம்தான்.